85 மில்லியன் டொலரும் ஆற்றின் அடியில் கிடக்கும் பாதரசமும்

கோடையில் இரண்டு மூன்று சனிக்கிழமையாவது நாங்கள் நாலைந்து பேர் விடியப்புறம் நாலு மணிக்கே ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டு ரைஸ் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவோம். ஐஸ் பெட்டி, தூண்டில்கள், மனைவி கட்டித் தந்த இடியப்பம், பிளாஸ்கில் தேத்தண்ணி. பிக்கரல் என்ற ஏரி மீன் பட்டால் அன்றைக்குக் கொண்டாட்டம்தான். முள் குறைந்த வெள்ளைத் தசை. பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை எனக்கு நல்ல பிக்கரல் ஒன்று பட்டது. மகள் அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவளுக்கென்றே ஒதுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீனைப் பார்த்துவிட்டு, "எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் அப்பா?" என்று கேட்டாள். நான் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினேன். அவளோ போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கனடாவில் நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு மீன் சாப்பிடுவதற்கு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஏரியின் பெயர், மீனின் இனம், அதன் நீளம் மூன்றையும் பார்த்தால் அந்த மீனை மாதத்தில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று எண் போட்டுச் சொல்கிறது. அட்டவணையில் இரண்டு வரிசை. ஒன்று பொதுவானவர்களுக்கு. மற்றது பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும். இரண்டாவது வரிசையின் எண்கள் பெரும்பாலும் சிறியவை.

"இவ்வளவு வருசமாப் பிடிச்சுச் சாப்பிடுறீங்கள், இதைப் பார்க்கிறேல்லையா?" என்றாள். பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அன்றிரவு வீட்டில் இருந்து அந்த வழிகாட்டியில் ஏரி ஏரியாகத் தட்டிப் பார்த்தேன். அப்படித்தான் வடமேற்கு ஒன்ராறியோவில் இருக்கும் கிளே ஏரிக்கு வந்தேன். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வரிசையில், நீளமான மீன்களுக்கு நேரே பூச்சியம் என்று போட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் பாதரசம். நான் என்றால் அந்த ஏரியை விட்டுவிட்டு இன்னொரு ஏரிக்குப் போவேன். அந்த ஏரி வழியாக ஓடும் வபிகூன் ஆற்றை விட்டால் வேறு இடமில்லாத சனத்தைப் பற்றி அதற்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

கிராசி நாரோஸ் என்பது கெனோரா நகருக்கு வடக்கே இருக்கும் அனிஷினாபே பூர்வகுடிகளின் ஊர். ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கே ரிசேர்வில், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், வசிக்கிறார்கள். 1873இல் பிரித்தானிய முடியோடு மூன்றாம் உடன்படிக்கை செய்துகொண்ட மக்களில் அவர்களும் அடங்குவர். வேட்டையும் மீன்பிடியும் தொடரும் என்ற வாக்குறுதி அந்த உடன்படிக்கையிலேயே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அரசு அவர்களைத் தீவுகளிலும் குடாக்களிலும் இருந்த பழைய குடியிருப்பில் இருந்து கிளப்பி, வீதிக்குக் கிட்டவாகப் புது இடத்தில் கொண்டுவந்து இருத்தியது.

சரியாக அதே காலத்தில், ஆற்றின் மேற்பக்கம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ட்ரைடன் நகரில் ஒரு வேலை தொடங்கியது. அங்கே காகிதக்கூழ் ஆலை ஏற்கனவே இருந்தது. கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். 1962இல் ட்ரைடன் கெமிக்கல்ஸ் என்ற துணை நிறுவனம் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் எடுக்கத் தொடங்கியது. அந்த முறைக்குப் பாதரசம் தேவை. 1970 வரை அந்த ஆலை வபிகூன் ஆற்றுக்குள் விட்ட பாதரசம் ஏறக்குறைய 9,000 கிலோ.

பாதரசம் கனமானது. தண்ணீரோடு முழுக்க அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடாது. அடிச்சேற்றில் படிந்துவிடும். அங்கே வாழும் பக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. புழுவுக்குள் போய், புழுவைத் தின்ற சின்ன மீனுக்குள் போய், சின்ன மீனைத் தின்ற பிக்கரலுக்குள் வந்து சேரும்போது பல மடங்காகத் திரண்டுவிடுகிறது. பிக்கரல் பெரிய மீன், மற்ற மீன்களைத் தின்னும் மீன். அதனால்தான் மகள் நீளத்தைக் கேட்டாள். நஞ்சு தசையிலேயே கலந்திருப்பதால் கழுவினாலும் போகாது, தோலை உரித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. மணமோ ருசியோ எதுவும் காட்டிக்கொடுக்காது. ஆளுக்குள் போனால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும், நடை தள்ளாடும், கண் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல ஒடுங்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளையைத்தான் இது கடுமையாகத் தாக்குகிறது.

1970இல் விஷயம் வெளியே வந்தது. மாகாணம் ஆற்றில் வணிக மீன்பிடியை நிறுத்தியது. பால் ஏரியில் இருந்த பெரிய மீன்பிடி விடுதியை அதன் சொந்தக்காரரே மூடிவிட்டார். கிராசி நாரோஸ் ஆண்கள் அங்கேதான் சுற்றுலாக்காரருக்கு வழிகாட்டிகளாக வேலை செய்தார்கள். பெண்கள் சமையலும் துப்புரவும். வேலையும் சாப்பாடும் ஒரே வருடத்தில் போயின. 1975இல் ஜப்பானில் இருந்து, பாதரசம் கலந்த மீனால் வரும் மினமாட்டா நோயை ஆராய்ந்த வைத்தியர் மசாசுமி ஹராடா குழுவோடு வந்து பார்த்தார். அங்கே மீனவக் கிராமங்களில் தான் பார்த்த அறிகுறிகள் இங்கேயும் இருப்பதைப் பதிவுசெய்தார். பிறகும் பல தடவை வந்துபோனார்.

இனிப் பணத்தின் கதை. நான் கணக்கியல் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவன். ஒரு பணம் எந்தப் பெயரில் எழுதப்படுகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் இதை வாசித்தேன்.

1979இல் ரீட் என்ற நிறுவனம் ட்ரைடன் ஆலையை விற்கப் பார்த்தது. வாங்க வந்தது கிரேட் லேக்ஸ் என்ற நிறுவனம். பாதரச வழக்குகள் தலைக்கு மேல் தொங்கும்போது யார் வாங்குவார்கள்? ஆலை மூடப்பட்டால் ட்ரைடன் நகரில் வேலை போகும். அதனால் ஒன்ராறியோ அரசு ஒரு பொறுப்புறுதி கொடுத்தது. பாதரசத்தால் வரும் கோரிக்கைகளில் 15 மில்லியன் டொலர் வரைக்கும் அந்த இரண்டு நிறுவனங்களும் பார்த்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் போனால் அரசு பார்க்கும். கணக்குப் புத்தகத்துக்கு இது ஒரு வரிதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு சதமும் போவதற்கு முன்பே, மாசுபடுத்தியவர்களின் அச்சத்துக்கு அரசு விலை போட்டுப் பொறுப்பேற்றுக்கொண்டது. வேலைகளைக் காப்பாற்றத்தான் செய்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ட்ரைடனில் இருந்த குடும்பங்களும் குடும்பங்கள்தான். ஆற்றின் கீழே இருந்தவர்களுக்கு அப்படி ஒரு கையெழுத்தை அந்த வருடம் யாரும் போடவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1985இல் தான் இழப்பீடு வந்தது. கிராசி நாரோஸுக்கும் பக்கத்துப் பூர்வகுடி ஊரான வபசீமூங்குக்கும் சேர்த்து 16.67 மில்லியன் டொலர். அதில் 11.75 மில்லியன் நிறுவனங்களுடையது, மிச்சம் இரண்டு அரசுகளுடையது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்து, நோய் அறிகுறி உள்ளவர்களுக்கு மாதாமாதம் கொடுக்க ஒரு சபை அமைத்தார்கள். மாதம் 250 டொலரில் இருந்து 800 டொலர் வரை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு மறுப்புத்தான் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கும் விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை ஏறவில்லை. 2018இல் தான் அதைச் சரிசெய்தார்கள். ஒரு பாண் விலை எத்தனை தரம் ஏறியிருக்கும் இதற்குள்!

இந்த 16.67 மில்லியனில் துப்புரவு என்ற தலைப்பில் ஒரு வரிகூட இல்லை. பாதரசம் ஆற்றிலேயே கிடந்தது.

அதற்கு வழி தெரியாமல் இருந்தது என்றால் மனம் ஆறலாம். 1980களின் தொடக்கத்திலேயே மத்திய அரசும் மாகாணமும் சேர்ந்து வைத்த விஞ்ஞானிகள் கிளே ஏரியில் பரிசோதனைகள் செய்திருந்தார்கள். ஏரியின் ஒரு பகுதியை மறைத்துக் கட்டி, பாதரசம் கலக்காத களிமண் துகளை நீரில் தூவிப் பார்த்தார்கள். துகள்கள் பாதரசத்தைப் பற்றிக்கொண்டு கீழே படிகின்றன, மீனுக்குப் போகும் அளவு குறைகிறது. பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாத வழி அது. ஆனால் அரசு, ஆறு தானாகவே தேறிவிடும் என்று சொல்லி விட்டுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, 2016இல், அந்தப் பழைய பரிசோதனையில் இருந்த ஜோன் ரட்டும் வேறு இரண்டு விஞ்ஞானிகளும் கிராசி நாரோஸ் மக்களுக்காக அறிக்கை எழுதினார்கள். ஆறு எதிர்பார்த்தபடி தேறவில்லை, ஆனால் துப்புரவு செய்யலாம் என்றார்கள்.

2017இல் மாகாண அரசு துப்புரவுக்கென 85 மில்லியன் டொலர் ஒதுக்கியது. ஆற்றங்கரைப் பூர்வகுடிகளின் பிரதிநிதிகளும் இருக்கும் குழு ஒன்று அந்த நிதியைப் பார்க்கும் என்று சட்டமும் போட்டார்கள். துப்புரவு என்ற சொல்லுக்கு நேரே ஒரு தொகை விழ 1970இல் இருந்து 47 வருடம் எடுத்தது.

நான் பேப்பரில் 85 மில்லியன் என்று வாசித்தபோது சரி, பிரச்சினை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். 2024 செப்டம்பரில், அதே ஊர்ச் சனம் ரொறன்ரோவுக்கு வந்து வீதியில் இறங்கியபோது, அதுவரை ஆய்வும் திட்டமும்தான் நடந்திருந்தன. அடிச்சேறு கிடந்த இடத்தில் கிடந்தது.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவசரப்பட்டுச் சேற்றைக் கிண்டினால் படிந்து கிடக்கும் பாதரசம் மேலே கிளம்பும். 2024 மே மாதம் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றைக் காட்டியது. ட்ரைடன் ஆலை இன்றைக்கும் ஓடுகிறது. அதன் கழிவுநீரில் பாதரசம் சேர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் கழிவுநீரில் போகும் சல்பேற்றும் உயிர்மக் கழிவும் அடிச்சேற்றுப் பக்டீரியாக்களுக்குத் தீனி. அதனால் பழைய பாதரசம் இன்னும் கூடுதலாக மெதில் பாதரசமாக மாறுகிறது. அப்போ கீழே களிமண் தூவுவதற்கும் மேலே ஆலைக்கு என்ன அனுமதி கொடுக்கிறோம் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. 85 மில்லியனுக்கும் அந்த அனுமதிக்கும் பொறுப்பு ஒரே மாகாண அரசுதான்.

மத்திய அரசு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ரிசேர்வ் நிலம் மத்திய அரசின் பொறுப்பு. 2005இல் இருந்து மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்ய மத்திய அரசு ஒரு பெரிய திட்டமே வைத்திருக்கிறது. ரிசேர்வுக்குள் ஒரு பழைய எரிபொருள் தாங்கி கசிந்தால் அதற்குள் வரும். ஆனால் இந்தப் பாதரசம் கிடப்பது ரிசேர்வுக்கு மேலே, மாகாணத்துக்குள் ஓடும் ஆற்றில். ஆலை தனியார் நிலம். மீன்பிடிச் சட்டம் மத்திய அரசுடையது. பூர்வகுடிகளின் சுகாதாரம் மத்திய அரசு, ஆஸ்பத்திரிகள் மாகாணம். நஞ்சுக்கு இந்த எல்லைக்கோடு ஒன்றும் தெரியாது. காசோலைக்கு ஒவ்வொரு கோடும் தெரியும்.

மத்திய அரசு 2017இல் பாதரசத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒரு பராமரிப்பு நிலையம் கட்டித் தருவதாகச் சொன்னது. 2019 மார்ச்சில் ரொறன்ரோவில் நடந்த நிதி சேகரிப்பு விருந்தில் ஒரு பெண் இதைப் பற்றி அப்போதைய பிரதமர் ட்ரூடோவிடம் உரத்துக் கேட்டார். அவரைக் காவலர்கள் வெளியே கொண்டுபோகும்போது பிரதமர், நன்கொடைக்கு நன்றி என்றார். கூட்டம் சிரித்தது. அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டார். 2020 ஏப்ரலில் நிலையத்துக்கு 19.5 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த வருடம் மேலும் பணம் சேர்த்தார்கள். தேவையான நிலையம், சந்தேகமே இல்லை. சிகிச்சைக்கு அந்தச் சனம் ஊரை விட்டுத் தூர நகரங்களுக்கு அலைகிறது. 2014இல் ரொறன்ரோவுக்கு வந்து உண்ணாவிரதம் இருந்த முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஃபொபிஸ்டர் 2018இல் இறந்துபோனார். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த நிலையத்துக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை.

இன்னொன்றும் வாசித்தேன், அதை மறக்க முடியவில்லை. 1970இல் இருந்து 1997 வரை அரசு இந்த ஊர்ச் சனத்தின் தலைமுடியையும் இரத்தத்தையும் எடுத்துப் பாதரசம் அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவுகளை வைத்து 2020இல் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அறுபது வயதுக்கு முன் இறந்தவர்களின் முடியில் பாதரசம் கூடுதலாக இருந்திருக்கிறது. இருபத்தேழு வருடம் முடி வெட்டி எடுத்து, அளந்து, எழுதி, அடுக்கி வைத்திருக்கிறார்கள். அளப்பதற்கு ஒவ்வொரு வருடமும் பணம் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 18ஆம் திகதி நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஊர்வலத்துக்குப் போனேன். கிரேஞ்ச் பூங்காவில் தொடங்கி மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க் வரை. ஆயிரக்கணக்கான சனம். மேளங்கள் முன்னுக்குப் போக, நீளமான நீலத் துணிகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆறுபோல அசைத்துக்கொண்டு வந்தார்கள். நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். நினைத்ததைவிடப் பாரம், காற்றடித்தால் கையை இழுக்கும். 2009இல் இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லித் தமிழர் நாங்கள் இதே குயின்ஸ் பார்க் புல்லில் வாரக்கணக்காக நின்றோம். அப்போது தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. ஆரோ எங்கேயோ எதற்கோ நிற்கிறார்கள் என்ற பார்வை. கிராசி நாரோஸ்காரர் இதற்கு முன் பல தரம் இங்கே வந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் நானும் அப்படித்தான் கடந்து போயிருப்பேன்.

துணியின் மறுபக்கம் பிடித்து வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஊர் ஆறு எப்படி என்று கேட்டார். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான், மற்றபடி கிணறு என்றேன். அப்படிச் சொல்லும்போதே சின்னம்மாவின் கிணறு ஞாபகம் வந்தது. சுன்னாகத்துப் பக்கம் 2014, 15இல் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும். அந்த முறை நான் போயிருந்தபோது வாளியை இழுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்து மணந்து பார்த்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய நிறப் படலம், வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு. சின்னம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அறுபது வருடம் குடித்தவர். சந்தியில் வைத்த தாங்கியில் பவுசர் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீருக்கு வாளியோடு போய் நின்றார். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பிறகு கிணற்றைச் சுத்தமாக்கினார்களா?"

சின்னம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அறிக்கை எழுதினார்கள், கூட்டம் வைத்தார்கள். கிணற்றை ஆட்களைப் பிடித்து இறைத்தது தம்பிமார்தான். அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு மேளச் சத்தம் கூடிவிட்டது, கதைக்க முடியவில்லை.

2024 ஜூன் மாதம் கிராசி நாரோஸ் மக்கள் மத்திய அரசின் மேலும் மாகாண அரசின் மேலும் வழக்குப் போட்டார்கள். 1873 உடன்படிக்கையில் சொன்ன உரிமையைக் காக்கத் தவறினீர்கள் என்பது வழக்கு. 2019இல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆலைக் கழிவு புதைத்த இடத்தைப் பராமரிக்கும்படி மாகாணம் இட்ட கட்டளையின் செலவு, 1985 இழப்பீட்டோடு மாகாணம் ஆலை நிறுவனங்களுக்குக் கொடுத்த பொறுப்புறுதிக்குள் வராது, பிற்காலத்தில் ஆலையோடு சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் அதைத் தம் தலையிலேயே ஏற்கவேண்டும் என்று தீர்த்தது. நாலு நீதிபதிகள் அப்படி, மூன்று பேர் மறுபக்கம். 1985இல் போட்ட ஒரு கையெழுத்தின் எல்லையைக் கண்டுபிடிக்க முப்பத்துநாலு வருடம்.

ஊர்வலம் முடிந்து வந்த கிழமை எங்கள் தொகுதி மாகாண உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். மகள் ஆங்கிலம் பார்த்துத் திருத்தினாள், மடியில் பேத்தி. 85 மில்லியனில் இன்றுவரை ஆய்வுக்கும் சம்பளத்துக்கும் போனது எவ்வளவு, ஆற்றின் அடியில் செலவானது எவ்வளவு என்று கேட்டேன். துப்புரவு முடியும்வரை ஆலையின் கழிவுநீரில் சல்பேற்றைக் குறைக்க அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை போடுவீர்களா என்று கேட்டேன். 85 மில்லியன் போதாமல் வந்தால் மிச்சத்துக்கு இப்போதே சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்டேன். இந்த மாகாணத்தில் முப்பது வருடமாக வரி கட்டுகிறேன் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். ஒன்ராறியோவில் இருக்கும் ஆரும் தங்கள் உறுப்பினருக்கு இதே கேள்விகளை எழுத விரும்பினால் கீழே சொல்லுங்கள், என் கடிதத்தை அனுப்பி வைக்கிறேன்.